பட்டாளத்து மாமாவின் துப்பாக்கி

லயன் காமிக்ஸ் படித்து வளர்ந்தவர்களுக்கு டெக்ஸ் வில்லரின் துப்பாக்கியைத் தெரிந்திருக்கும். விசைக்குக் கீழே வளையம் போல ஒரு இரும்புப் பிடி. அதைக் கீழே தள்ளி மேலே இழுத்தால் சுட்ட தோட்டாவின் வெற்றுக்கூடு வெளியே தெறிக்கும், அடுத்த தோட்டா உள்ளே ஏறும். லீவர் ஆக்‌ஷன் ரைபிள் என்பார்கள். சின்ன வயதில் சோளத்தட்டை ஒடித்து அதையே வின்செஸ்டராக்கி நாங்கள் சுடாத எதிரி இல்லை.

நூறு வயது தாண்டிய அப்படியொரு நிஜத் துப்பாக்கியை எங்களில் ஒருவர் உரிமம் எடுத்து விலைக்கு வாங்கினார். சுட்டும் பார்த்தார். அவர் அருந்ததியர். கோவைக்கு மேற்கே மலையடிவாரத்தில் ஒரு கிராமம். பெயரையும் ஊரையும் எழுத வேண்டாம் என்று சொல்லிவிட்டார். நாங்கள் அவரைப் பட்டாளத்து மாமா என்றுதான் கூப்பிடுவோம். இதை எழுதுவதற்கு அவருடைய ஒப்புதல் உண்டு. துப்பாக்கிப் பெருமை பேசுவதற்காக எழுதவில்லை. அதை வாங்கப்போன வழியில் நாங்கள் கற்றுக்கொண்டதைச் சட்டம் படிக்கும் தம்பி தங்கைகளுக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது.

மாமா 17 வருடம் ராணுவத்தில் இருந்தவர். வெலிங்டனில் மெட்ராஸ் ரெஜிமென்ட் பயிற்சி, அப்புறம் எல்லையில் காவல். எஸ்.எல்.ஆர். துப்பாக்கியைக் கண்ணைக் கட்டிவிட்டாலும் பிரித்துப் பூட்டுவார். ஓய்வு பெற்று ஊருக்கு வந்ததும் தாத்தா காலத்து நிபந்தனைப் பட்டா பூமி இரண்டு ஏக்கரைச் சீர்படுத்தினார். போர் போட்டார், சோளமும் தக்காளியும் வைத்தார். பக்கத்துத் தோட்டத்துக்காரருக்கு அது பிடிக்கவில்லை. முதலில் வழித்தடத்தை மறித்தார்கள். அப்புறம் பைப்பை உடைத்தார்கள். 2017இல் ஒரு ராத்திரி சோளத்தட்டுப் போருக்குத் தீ வைத்தார்கள். நாங்கள் நாற்பது பேர் ரோட்டில் உட்கார்ந்த பிறகுதான் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்குப் பதிவானது. அந்த வாரமே பக்கத்துத் தோட்டத்திலிருந்து ராத்திரியில் வேட்டுச் சத்தம் கேட்க ஆரம்பித்தது. யாரையும் பார்த்துச் சுடவில்லை, வானத்தைப் பார்த்துத்தான். அங்கே உரிமம் பெற்ற துப்பாக்கி இரண்டு இருப்பது ஊருக்கே தெரியும். கேட்டால் காட்டுப்பன்றி விரட்டினோம் என்பார்கள்.

"பன்னி இந்தப் பக்கம் வந்து பத்து நாளாச்சு கண்ணு. அது எனக்கு வெச்ச வேட்டு" என்றார் மாமா.

துப்பாக்கி உரிமம் கேட்கலாம் என்ற யோசனை அவருடையது. அதற்கு விதி இருக்கிறது என்று தேடிக் கண்டுபிடித்தது நாங்கள். வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1989ஆம் ஆண்டுச் சட்டம். அதன் விதிகள் 1995இல் வந்தன. நம்மில் பலர் தீருதவித் தொகை வருகிற பக்கத்தைத்தான் அதில் புரட்டியிருப்போம். மூன்றாவது விதியை ஒருமுறை நிதானமாகப் படியுங்கள். வன்கொடுமை நடக்கக்கூடிய பகுதிகளை அரசு அடையாளம் காண வேண்டும் என்று அது தொடங்குகிறது. அதன் முதல் உள்விதியில் மூன்றாம் பிரிவு, அந்தப் பகுதியில் தேவைப்பட்டால் பட்டியல் சாதி, பழங்குடி அல்லாதவர்களின் துப்பாக்கி உரிமங்களை ரத்து செய்து, ஆயுதங்களை அரசுக் கிடங்கில் ஒப்படைக்க வைக்கச் சொல்கிறது. உரிமம் வைத்திருப்பவர் மட்டுமல்ல, அவருடைய நெருங்கிய உறவினர், வேலைக்காரர், குடும்ப நண்பர் எல்லோரும் இதில் அடங்குவார்கள். நான்காம் பிரிவு கள்ளத் துப்பாக்கிகளைப் பறிமுதல் செய்யச் சொல்கிறது. ஐந்தாம் பிரிவு, உயிருக்கும் உடைமைக்கும் பாதுகாப்பாகத் தேவைப்பட்டால் பட்டியல் சாதி, பழங்குடி மக்களுக்குத் துப்பாக்கி உரிமம் வழங்கச் சொல்கிறது.

இந்திய அரசின் விதிப் புத்தகத்திலேயே இது இருக்கிறதா என்று எங்களுக்கே ஆச்சரியம். ஏனென்றால் ஆயுதம் மறுக்கப்பட்ட வரலாறுதான் நம்முடைய வரலாறு. இந்தியாவில் அடித்தட்டு மக்கள் ஏன் சாதிக்கு எதிராகப் புரட்சி செய்யவில்லை என்ற கேள்வியை அண்ணல் அம்பேத்கர் 1936இல் 'சாதி ஒழிப்பு' நூலில் எழுப்புகிறார். ஆயுதம் ஏந்தும் உரிமையையும் படிக்கும் உரிமையையும் நால்வருண முறை அவர்களிடமிருந்து சேர்த்தே பறித்துவிட்டது என்பதுதான் அவருடைய பதில். கீழ்வெண்மணியில் 1968 டிசம்பர் 25 இரவு குடிசைக்குள் வைத்து 44 பேரை எரித்தபோது பண்ணையார் கூட்டத்தின் கையில் துப்பாக்கி இருந்தது. கூலி கேட்டவர்கள் கையில் அது இல்லை.

மாமாவுக்காக இரண்டு மனுக்கள் எழுதினோம். ஒன்று ஐந்தாம் பிரிவின்படி அவருக்கு உரிமம் கேட்டு. இன்னொன்று மூன்றாம் பிரிவின்படி பக்கத்துத் தோட்டத்தின் இரண்டு உரிமங்களையும் ரத்து செய்யக் கேட்டு. இந்த இரண்டாவது மனுவை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

விண்ணப்பப் படிவத்தில் காரணம் கேட்டிருக்கும். "பயிர்ப் பாதுகாப்புன்னு போட்டுடுங்க, காட்டுப்பன்னி தொல்லைன்னு எழுதுங்க, சீக்கிரம் கெடைக்கும்" என்று விவரம் தெரிந்த இரண்டு மூன்று பேர் சொன்னார்கள். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார்கள். எங்களுக்கும் அது சரி என்றே பட்டது. மாமா ஒத்துக்கொள்ளவில்லை. "பன்னி மேல பழிய போட்டு நான் ஏனுங் பொய் சொல்லோணும்? பயம் எதுன்னு எழுதறதுக்குத்தான அந்தக் கட்டம் விட்டிருக்குது" என்றார். சாதிய வன்கொடுமையால் உயிருக்கு ஆபத்து என்று எழுதினார். வழக்கு எண், விதி எண், பிரிவு எண் எல்லாவற்றையும் சேர்த்தார்.

அந்த ஒரு வரிக்காக நான்கரை வருடம் அலைந்தோம்.

துப்பாக்கி உரிமம் யாருக்கும் லேசில் கிடைப்பதில்லை, அது சரியும்கூட. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி காவல் நிலைய அறிக்கை வேண்டும். வருவாய்த் துறையிலிருந்தும் விசாரணைக்கு வருவார்கள். துப்பாக்கியைப் பாதுகாப்பாகக் கையாளப் பயிற்சி பெற்ற சான்றிதழும் கேட்பார்கள். ராணுவத்தில் துப்பாக்கிப் பயிற்சி கொடுத்த மனிதர் அந்தச் சான்றிதழுக்காகவும் போய் உட்கார்ந்துவிட்டு வந்தார். அவரை வருத்தியது ஒரு அலுவலகத்தில் கேட்ட கேள்விதான். கோப்பைப் புரட்டிக்கொண்டே ஒருவர் சிரித்துக்கொண்டு கேட்டார்: "பட்டாளத்துல சுட்டது பத்தாதுங்களா?" மாமாவும் சிரித்தார். வெளியே வந்து டீக்கடையில் வெகுநேரம் பேசாமல் இருந்தார். "எல்லையில நிக்கறப்ப குடுத்தாங்க. எங்கூட்டு வாசல்ல நிக்கறதுக்குக் கேட்டா சிரிக்கறாங்க" என்றார்.

முதல் தடவை நிராகரித்தார்கள். மேல்முறையீடு செய்தோம். ஆயுதச் சட்டம் 18ஆம் பிரிவு அதற்கு இடம் தருகிறது. கடைசியில் உரிமம் வந்தது. அன்றைக்குக் கேசரி கிண்டினோம்.

அடுத்தது, எந்தத் துப்பாக்கி? புதுசு வாங்கப் பணம் இல்லை. வெளிநாட்டுத் துப்பாக்கிகளைத் தனியார் இறக்குமதி செய்வது 1980களிலேயே நின்றுவிட்டதால் பழைய விலாயதித் துப்பாக்கிகள் லட்சக்கணக்கில் போகின்றன. அப்போதுதான் நீலகிரியில் தேயிலைத் தோட்டம் வைத்திருந்த குடும்பத்துப் பாட்டியம்மா ஒருவர் கணவரின் துப்பாக்கியைக் கொடுத்துவிட நினைப்பதாக ஒரு ஆயுத வியாபாரி சொன்னார். விலை ஒரு நல்ல சிந்து மாட்டின் விலைதான். ஏன் இவ்வளவு மலிவு? அந்த ரகத் தோட்டா இங்கே கிடைப்பதே அபூர்வம். யாருக்கும் வேண்டாத துப்பாக்கி என்பதால் எங்கள் கைக்கு எட்டியது. தனியாரிடம் துப்பாக்கி வாங்கும்போது விற்பவர் எழுத்துப்பூர்வமாக அரசுக்குத் தெரிவித்து 45 நாள் காத்திருக்க வேண்டும். காத்திருப்பது எங்களுக்குப் பழகியதுதானே.

கடையில் துணியைப் பிரித்தபோதுதான் அது வின்செஸ்டர் என்று தெரிந்தது. குழலின் மேல் நியூ ஹேவன் என்ற ஊர்ப்பெயர். நீலப் பூச்சு உதிர்ந்து காப்பிக் கொட்டை நிறத்துக்கு வந்திருந்தது. குழலுக்கு அடியில் இன்னொரு குழாய், அதில்தான் தோட்டாக்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் படுத்திருக்கும். பின்னால் இருக்கும் தோட்டாவின் மூக்கு முன்னால் இருப்பதன் அடியில் முட்டிக்கொண்டு நிற்பதால் இந்த ரகத்துக்குக் கூர்மழுங்கிய தோட்டாதான் போட வேண்டும் என்று மாமா விளக்கினார். தோட்டா இல்லாமல் லீவரைத் தள்ளி இழுத்துக் காட்டினார். பழைய பூட்டில் சாவி திரும்புகிற மாதிரி ஒரு சத்தம்.

வியாபாரி நல்ல மனிதர். "இதை ரிப்பேர் பண்ணினாலும் சுட முடியாதபடி செஞ்சு வெச்சுட்டா பழம்பொருள் கணக்குல வந்துடும். உரிமமே வேண்டாம், செவுத்துல அழகா மாட்டிக்கலாம்" என்றார். சட்டத்தில் அப்படி ஒரு விலக்கு உண்டு. மாமா சொன்ன பதில் எங்கள் வட்டாரத்தில் இப்போது பழமொழி மாதிரி ஆகிவிட்டது: "செவுத்துல மாட்டறதுக்கு எங்கூட்டுல ஏற்கெனவே அம்பேத்கர் இருக்காருங்க."

மாடல் 1892 என்றார் வியாபாரி. அந்த வருடத்தைக் கேட்டதும் எங்களில் சரித்திரம் படித்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

1892இல்தான் மதராஸ் அரசு ஒடுக்கப்பட்ட மக்களுக்கு நிலம் ஒதுக்க ஆணையிட்டது. செங்கல்பட்டு கலெக்டர் திரமென்ஹீர் 1891இல் கொடுத்த அறிக்கையின் விளைவு அது. பஞ்சமி நிலம் என்று நாம் இன்றுவரை கேட்டுக்கொண்டிருப்பது அந்த நிலத்தைத்தான். அதே 1890களின் தொடக்கத்தில் 'வீரமரபு' என்ற கொள்கையைச் சொல்லி, தலைமுறை தலைமுறையாகப் படையில் இருந்த மகர் மக்களை இனிச் சேர்ப்பதில்லை என்று பிரிட்டிஷ் ராணுவம் கதவைச் சாத்தியது. மாவ் ராணுவக் குடியிருப்பில் 1891இல் பிறந்த சுபேதார் ராம்ஜியின் கடைசி மகன் அப்போது கைக்குழந்தை.

அமெரிக்காவில், மெம்ஃபிஸ் நகரத்தில் 1892 மார்ச் மாதம் தாமஸ் மாஸ் என்ற கறுப்பின மளிகைக் கடைக்காரரையும் அவருடைய கூட்டாளிகள் இருவரையும் வெள்ளையர் கும்பல் சிறையிலிருந்து இழுத்துப்போய்க் கொன்றது. கடை நன்றாக ஓடியதுதான் குற்றம். அவர்களுடைய தோழி ஐடா பி. வெல்ஸ் பத்திரிகையாளர். அதைக் கண்டித்து எழுதியதற்காக அவருடைய பத்திரிகை அலுவலகத்தை உடைத்தார்கள். அந்த வருடமே அவர் வெளியிட்ட சிறுநூலில், கறுப்பின வீடுகளில் வின்செஸ்டர் துப்பாக்கியை மதித்து வைத்திருக்க வேண்டும் என்று எழுதினார். சட்டம் காக்க மறுக்கிற இடத்தில் அது காக்கட்டும் என்பது அவர் வாதம். போரைக் கொளுத்தியதும் கடையை உடைத்ததும் ஒரே கைதான் என்று எங்களுக்குத் தோன்றியது. பக்கத்துக்காரன் தலையெடுத்ததைப் பொறுக்காத கை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் சுடும் பயிற்சிக் களத்துக்குப் போனோம். பாட்டியம்மா வீட்டிலிருந்து துப்பாக்கியோடு வந்த பழைய தோட்டாக்கள் பன்னிரண்டு, முறைப்படி உரிமத்தில் ஏற்றியவை. உரிமம் மாமாவுடையது, சுட்டது மாமா மட்டும்தான். நாங்கள் காதைப் பொத்திக்கொண்டு பின்னால் நின்றோம்.

முதல் தோட்டா வெடிக்கவில்லை. வெறும் 'டிக்'. நாங்கள் சிரித்துவிட்டோம். மாமா அசையவில்லை. குழலை இலக்கின் பக்கமே வைத்துக்கொண்டு மனதுக்குள் முப்பது எண்ணினார். பழைய தோட்டா சில சமயம் தாமதமாக வெடிக்கும் என்று பிறகு சொன்னார். அப்புறம் லீவரைத் தள்ளினார். இரண்டாவது வெடித்தது. தீபாவளிக்கு மறுநாள் காலையில் தெருவில் அடிக்கிற வாசம் வந்தது. பன்னிரண்டில் நான்கு வெடிக்கவில்லை. வெடித்த எட்டில் ஆறு அட்டையில் பட்டிருந்தன. அறுபது வயதுக்கு மோசமில்லை.

எங்களில் சின்னவள் ஒருத்தி, சட்டக் கல்லூரி மாணவி, ஒரு வெற்றுக்கூட்டை ஞாபகத்துக்குக் கேட்டாள். மாமா தரவில்லை. குனிந்து எட்டையும் பொறுக்கி, வெடிக்காத நான்கையும் சேர்த்து டப்பாவில் போட்டார். "இதுக்கெல்லாம் கணக்குக் காட்டோணும் கண்ணு. ஒவ்வொன்னுக்கும் கணக்கு."

சந்தோஷமாக இருந்ததா? இருந்தது, மறைக்க மாட்டோம். திரும்பி வருகிற வேனில் ஆளாளுக்குப் பேசினோம். மாமா மட்டும் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தார். கடைசியில் கேட்டார்: "இது இருந்திருந்தா நடூர்ல என்ன பண்ணியிருக்க முடியும்?"

யாரிடமும் பதில் இல்லை. 2019 டிசம்பர் 2 விடியற்காலை மேட்டுப்பாளையம் நடூரில் சுவர் இடிந்து விழுந்து தூக்கத்திலேயே 17 பேர் செத்தார்கள். எங்கள் மக்கள். அந்தச் சுவரை எந்தத் துப்பாக்கியால் சுடுவது? 2016இல் உடுமலைப்பேட்டையில் பட்டப்பகலில், கேமரா பார்த்துக்கொண்டிருக்க, சங்கரை வெட்டினார்கள். 2015இல் திருச்செங்கோட்டிலிருந்து கோகுல்ராஜைக் கூட்டிப்போனார்கள், உடல் தண்டவாளத்தில் கிடைத்தது. கொங்கு மண்ணில் சாதி பெரும்பாலும் துப்பாக்கியோடு வருவதில்லை. சுவராக, வட்டிக் கணக்காக, மறித்த வழித்தடமாக வருகிறது.

அண்ணலுக்கு இது தெரிந்திருக்கிறது. ஆயுதம் மறுக்கப்பட்டதைப் பற்றி எழுதிய அவரேதான் 1948 டிசம்பரில், ஆயுதம் வைத்திருப்பதை அடிப்படை உரிமையாக்க வேண்டும் என்று எச்.வி. காமத் கொண்டுவந்த திருத்தத்தை அரசியல் நிர்ணய சபையில் எதிர்த்தார். திருத்தம் தோற்றது. ஆளுக்கொரு துப்பாக்கி என்றால் எங்கள் ஊரில் என்ன நடக்கும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். பூமி யாரிடம் அதிகமோ அவர்களிடம்தான் துப்பாக்கியும் அதிகம் இருக்கும்.

இப்போது அந்த இரண்டாவது மனுவுக்கு வருவோம். பக்கத்துத் தோட்டத்தின் உரிமங்களை ரத்து செய்யக் கேட்ட மனு. அதற்கு இன்றுவரை ஏற்பும் இல்லை, மறுப்பும் இல்லை. மூன்று முறை நினைவூட்டினோம். தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டோம். அந்த விதியின்கீழ் எத்தனை உரிமங்கள் ரத்தாகியிருக்கின்றன என்ற கேள்விக்கு, தகவல் தொகுக்கப்படவில்லை என்று பதில் வந்தது.

மாமாவின் எட்டு வெற்றுக்கூடுகளுக்குக் கணக்கு உண்டு. இதற்குக் கணக்கு இல்லை.

இதைத்தான் நாங்கள் கற்றுக்கொண்டோம். நமக்கு ஒரு துப்பாக்கி தருவது நிர்வாகத்துக்குச் சிரமம்தான், ஆனால் முடிகிற காரியம். அதனால் யாருக்கும் எதுவும் குறைந்துவிடவில்லை. அவர்களுடைய துப்பாக்கியை வாங்கி வைப்பதுதான் முடியாத காரியமாக இருக்கிறது. சலுகையாகக் கேட்டால் தாமதமாகவாவது கிடைக்கிறது, ஆதிக்கத்தில் கை வைக்கச் சொன்னால் கோப்பு காணாமல் போகிறது. விதி மூன்றின் ஐந்தாம் பிரிவுக்காக நான்கரை வருடம் செலவழித்த நாங்கள், மூன்றாம் பிரிவுக்காக அதில் பாதி நேரம்கூடச் செலவழிக்கவில்லை. அது எங்கள் தவறு. பக்கத்துத் தோட்டத்தின் இரண்டு துப்பாக்கிகளும் அரசுக் கிடங்கில் இருந்திருந்தால் மாமாவுக்கு வின்செஸ்டரே தேவைப்பட்டிருக்காது.

ஐடா பி. வெல்ஸ் வின்செஸ்டரைப் பற்றி எழுதியது சில வரிகள்தான். மிச்ச வாழ்நாள் முழுக்க அவர் செய்தது வேறு. எந்த ஊரில், எந்தத் தேதியில், யாரை, என்ன குற்றம் சொல்லிக் கொன்றார்கள் என்று எண்ணினார். வெள்ளையர் பத்திரிகைகளே வெளியிட்ட எண்ணிக்கையை எடுத்து 1895இல் புத்தகமாக அடுக்கினார்.

தம்பிகளே, தங்கைகளே, உங்கள் மாவட்டத்தில் இதைச் செய்யுங்கள். தகவல் உரிமைச் சட்டத்தில் நான்கு கேள்விகள் போதும். விதி மூன்றின்கீழ் அடையாளம் காணப்பட்ட கிராமங்கள் எவை? அந்தக் கிராமங்களில் துப்பாக்கி உரிமங்கள் எத்தனை? அதில் பட்டியல் சாதி, பழங்குடியினருடையவை எத்தனை? மூன்றாம் பிரிவின்கீழ் இதுவரை ரத்தானவை எத்தனை? பதில் வந்தாலும், இல்லை என்று வந்தாலும், அதை மாவட்டக் கண்காணிப்புக் குழுவில் வையுங்கள். ஆட்சியர் தலைமையில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை அது கூட வேண்டும் என்று அதே 1995 விதிகள் சொல்கின்றன. கூடவில்லை என்றால் அதையும் கேளுங்கள்.

கடைசியாக ஒன்று. தேர்தல் அறிவித்தால் உரிமத் துப்பாக்கிகளைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்க வேண்டும். 2024 மக்களவைத் தேர்தலுக்கு மாமா தன் வின்செஸ்டரைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போனார். நாங்கள் இரண்டு பேர் கூடப் போனோம். வரிசையில் எல்லாம் தோட்டத்துக்காரர்கள். முன்னால் நின்ற ஒரு பெரியவர் திரும்பிப் பார்த்தார். எதற்கோ ஆள் அனுப்பியிருக்கிறார்கள் என்று நினைத்திருக்க வேண்டும்.

"யாருதப்பா துப்பாக்கி?"

"என்றதுங்க" என்றார் மாமா.

பெரியவர் கொஞ்ச நேரம் அந்தத் துணிச்சுருளையே பார்த்தார். எதுவும் சொல்லாமல் முன்னால் திரும்பிக்கொண்டார். வரிசை நகர்ந்தது. மாமா முறை வந்ததும் துப்பாக்கியைக் கொடுத்து, ரசீதை வாங்கி, எழுத்துப் பிழை இருக்கிறதா என்று பார்த்து, மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

அன்றைக்கு அந்த நிலையத்துக் கிடங்கில் எல்லாத் துப்பாக்கிகளும் இருந்தன. தோட்டத்துத் துப்பாக்கி இரண்டும் இருந்தன. தேர்தல் முடியும்வரை எங்கள் ஊரில் ராத்திரி வேட்டுச் சத்தம் இல்லை. மாமா நன்றாகத் தூங்கினார். வாங்கி வைக்க முடியாது என்று யார் சொன்னது?

ஜெய் பீம்.